அவர் என்ன சொல்கிறார்?

வெள்ளிக்கிழமை மதியம் குமியுவுக்குப் போகவேண்டும் என்று என் கணவர் யசீகரன் கேட்டபோது, அதைச் சாப்பாட்டு ஆசை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு வயிற்றில் துளையிட்டுச் சாப்பாட்டுக் குழாய் வைக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகும் வாயில் கொஞ்சம் ருசி பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்தான். ஆனாலும் அங்கே பதினொரு வருடம் நின்று பாஸ்டா செய்த உணவகத்தில் ஒருமுறை வாயால் சாப்பிட்டுவிட்டு வருவோம் என்று ஒரு மனிதன் நினைப்பதில் என்ன பிழை?

"மத்தேயோவிட்டைக் கூட்டிக்கொண்டு போம்" என்று அந்த உணவகத்துச் சொந்தக்காரனின் பெயரைச் சொல்லிக் கேட்டார். கேட்டார் என்று எழுதுகிறேன். வேறு யார் காதிலும் அது தொண்டைக்குள்ளிருந்து வரும் முனகலாகத்தான் விழும்.

தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் அந்த நோய் முதலில் கைகளுக்கு வந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன் மாவுத் தட்டைத் தவறவிட்டார். பிறகு கத்தி, பிறகு ஷேர்ட் பட்டன். இப்போது அந்தக் கைகள் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவை போல மடியில் கிடக்கின்றன. தலை விழாமல் இருக்கக் கழுத்துக்குப் பட்டி. டிசம்பரில் நாக்கும் உதடும் சொல்வழி கேட்காமல் போயின. தமிழும் ஆங்கிலமும் ஒரே கூழாகின. எங்கள் மகள் பிரணவிக்கே விளங்குவதில்லை. எனக்கு மட்டும் விளங்கும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருபது வருடத்துக்கு மேலாக ஒருவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்து பழகியதால் இருக்கலாம்.

அதனால் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள்: அவர் என்ன சொல்கிறார்?

ஒன்பது நாளுக்கு முன் டொக்டரும் அப்படித்தான் கேட்டார். மூச்சின் பலம் குறைந்துகொண்டு வருகிறது, இன்னும் பிந்தினால் குழாய் வைக்க முடியாது, வைக்காவிட்டால் சில மாதங்கள்தான் என்று அந்தப் பெண் டொக்டர் அவரைப் பார்த்தே, அவசரமில்லாமல் சொன்னார். உங்களுக்குச் சம்மதமா என்றார்.

யசீகரன் சொன்னார்: "வேண்டாம். இப்பிடி இழுத்துக்கொண்டு கிடக்க எனக்கு ஏலாது. என்னை விடச் சொல்லும்."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்யவா என்று முன்பே கேட்டிருந்தார்கள். நான்தான் தேவையில்லை என்றேன். அது ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு. யசீகரனுக்கு ஆங்கிலம் தெரியும். அவருடைய குழறலுக்குத்தான் ஆள் வேண்டும், அந்த ஆள் நான்.

"சம்மதம் என்கிறார்," என்றேன். "பயமாக இருக்கிறதாம். ஆனால் சம்மதமாம்."

அந்தப் பயத்தை ஏன் சேர்த்தேன் என்று பிறகு யோசித்திருக்கிறேன். வெறும் சம்மதம் என்றால் டொக்டர் இன்னொருமுறை கேட்டிருப்பார். பயம் என்றதும் அவருடைய முகம் கனிந்தது. குனிந்து யசீகரனின் கையைத் தொட்டு, பயம் இயல்பு என்றார். ஆங்கிலம் முழுவதும் விளங்கிய என் கணவர் அந்தக் கைக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அது என் வழியாகத்தானே வரவேண்டும்.

அதன் பிறகு ஒன்பது நாளும் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தார். தண்ணி. காலை மடக்கி விடும். திருப்பிப் படுக்க விடும். அவ்வளவுதான். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. ஒரே கட்டிலில் அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

நான் நியூசிலாந்துக்கு வந்த புதிதில் அவர்தான் எனக்கு வாய். பாபகூராவில் இருந்தோம். முதல் கரு கலைந்த பிறகு டொக்டரிடம் போனபோது நான் தமிழில் ஐந்து நிமிடம் சொன்னேன். இரத்தம் போன விதத்தை, அதைப் பார்த்ததை, அன்றிலிருந்து குளியலறைக் கதவைப் பூட்டப் பயப்படுவதை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டொக்டரிடம் ஒரே வரியில் முடித்தார். களைப்பு என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. அதற்குத்தான் பழிவாங்கினேன் என்று எழுதினால் ஒரு பொருத்தமாவது இருக்கும். அது உண்மையில்லை. அந்த நேரம் எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. அவருடைய 'வேண்டாம்' என் வாயால் வெளியே வரவேண்டியிருந்தது. என் வாய்க்கு அது வரவில்லை. எவ்வளவு தோண்டிப் பார்த்தாலும் அதற்குக் கீழே வேறொன்றும் அகப்படவில்லை.

மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் வீட்டிலிருந்து பிரணவிதான் காரை ஓட்டினாள். அவள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

"அம்மா, அப்பாவுடைய தண்ணீர் மா எடுத்தீர்களா?"

அவருக்குத் தண்ணீரைக்கூட அந்தத் தூளைக் கலந்து தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

"எடுத்தனான்."

"துவாய்?"

"எல்லாம் எடுத்தாச்சு. நீ ரோட்டைப் பார்."

குமியுவில் திராட்சை அறுவடை நெருங்கியிருந்தது. பறவைகளுக்காக வரிசை வரிசையாக வெள்ளை வலை போர்த்தியிருந்தார்கள். உணவகம் ஒரு காலத்தில் அப்பிள் பெட்டி அடுக்கிய கொட்டகை. இப்போது சீமெந்துத் தரையை அப்படியே பளபளக்க விட்டு, ஒரு பக்கச் சுவரைக் கண்ணாடியாக்கி, அதற்குப் பின்னால் வைன் புளிக்கும் பெரிய தாங்கிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நடுவில் மறைப்பில்லாத சமையலறை. தட்டுகள் பெரிது, அதில் இருப்பது கொஞ்சம். வெள்ளிக்கிழமை மதியத்திலேயே வைன் குடித்துச் சிவந்த முகங்கள் சக்கர நாற்காலியைக் கண்டதும் நாற்காலிகளை இழுத்து வழிவிட்டன. மிக அன்பாக. அந்த அன்பைக் கண்டாலே எனக்கு வேர்க்கும்.

மத்தேயோ ஏப்ரனோடு ஓடிவந்தான். தலைமைச் சமையல்காரனும் அவன்தான். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். கோப்பை கழுவ வந்த யசீகரனை மாவு மேசைக்கு ஏற்றிவிட்டவன்.

"யாஸ்!" என்று குனிந்து அவருடைய நெற்றியில் முத்தமிட்டான். "நீ போனதிலிருந்து என்னுடைய ரவியோலிப் பாஸ்டா எல்லாம் கொதிதண்ணீருக்குள் வாயைப் பிளக்கிறது. நான் என்ன செய்ய?"

யசீகரன் ஏதோ சொன்னார். மத்தேயோ என்னைப் பார்த்தான்.

"விளிம்புக்குத் தண்ணீர் பூசாமல் ஒட்டினால் பிளக்கும்தானாம்," என்றேன். "பதினொரு வருடமும் இதைத்தான் சொன்னாராம். உன் காதுக்குள்ளும் மாவுதானாம்."

மத்தேயோ கொட்டகை அதிரச் சிரித்தான். உள்ளே நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். பிரணவி அப்பாவின் தோளில் சாய்ந்து சிரித்தாள். யசீகரனின் முகத்தில் சிரிப்பு இப்போது ஒரு பக்கம்தான் வரும். அது வந்தது. அந்த நிமிடம் நான் உண்மையான மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எவ்வளவு சுகமாக இருந்தது அது.

உள்ளேயிருந்து ஓடர் கூப்பிடும் சத்தம் வந்தது. ஒருவன் சொல்ல, அடுப்பில் நின்றவன் அதை அப்படியே திருப்பிச் சொன்னான். அது அந்தச் சமையலறை வழக்கம். முன்பு யசீகரன் வீட்டிலும் அப்படித்தான். வெங்காயம் வாங்கிவாருங்கோ என்றால், "வெங்காயம் வாங்கிவாறன்" என்று முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் போவார். திருப்பிச் சொல்லாவிட்டால் தட்டு மாறிப்போகும், கஜி, என்பார்.

மத்தேயோ ஒரு கிளாஸ் வைனைக் கொண்டுவந்து அவருடைய மூக்குக்குக் கீழே பிடித்தான். "குடிக்கத்தானே தடை, மணப்பதற்கு இல்லையே." யசீகரன் கண்ணை மூடி நீண்ட நேரம் மணந்தார். பிறகு அவனே ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தான். ரவியோலிக்குள் வைக்கும் பூசணிக்காயும் சீஸும், அதன் வெண்ணெய்ச் சாறும். அரித்து அரித்துக் கட்டியே இல்லாமல் செய்திருந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அதே சாப்பாடு முழு ரவியோலியாக வந்தது. எங்களுடைய தட்டைப் பார்க்காமலிருக்க அவர் முயன்றதைக் கண்டேன்.

துவாயைக் கழுத்தில் கட்டிவிட்டு முதல் கரண்டியைக் கொடுத்தேன். நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்க வேண்டும். விழுங்கினார். இருமல் வரவில்லை.

"உப்புக் காணாது," என்றார்.

சொன்னேன். மத்தேயோ தலையிலடித்துக்கொண்டு உப்பு எடுத்துவந்தான். இரண்டாவது கரண்டி, மூன்றாவது, நான்காவது. பக்கத்து மேசைப் பெண் பார்த்துவிட்டு மரியாதையாகப் பார்வையைத் திருப்பினாள்.

மத்தேயோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேரே உட்கார்ந்தான். "செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று பிரணவி சொன்னாள். தைரியமாக இரு, யாஸ். முடிந்ததும் நான் சூப் அனுப்புகிறேன், குழாய்க்குள்ளேயே ஊற்றட்டும்."

அப்போதுதான் யசீகரன் ஆங்கிலத்துக்கு மாறினார். என்னைப் பார்க்காமல், மத்தேயோவின் வாயை மட்டும் பார்த்து, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினார்.

"மத்தேயோ. நோ குழாய். நான் ஓம் சொல்லவில்லை."

இதற்குத்தான் இங்கே வந்திருக்கிறார் என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கியது. சாப்பாட்டுக்காக அல்ல. ஆவியும் சட்டிச் சத்தமும் நிறைந்த அறைக்குள் பதினொரு வருடம் இவருடைய குரலைக் கேட்ட ஒரே மனிதனைத் தேடி வந்திருக்கிறார். என்னைத் தவிர இன்னொரு காது இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார்.

மத்தேயோ காதை அவருடைய உதட்டோடு வைத்துக்கொண்டான். "நோ... நோ என்ன? இன்னொரு முறை, யாஸ்."

யசீகரன் இன்னொரு முறை சொன்னார். களைத்துவிட்டார். இம்முறை முன்னதைவிட மோசமாக வந்தது. மத்தேயோ நிமிர்ந்து, எல்லோரும் பார்ப்பதைப் போல என்னைப் பார்த்தான்.

"அவர் என்ன சொல்கிறார்?"

"போதுமாம்," என்றேன். "வயிறு நிறைந்துவிட்டதாம்."

"நாலு கரண்டிக்கா?"

"இப்போதெல்லாம் அவ்வளவுதான்."

அவன் முகம் வாடியது. பிறகு சமாளித்துக்கொண்டு, இனிப்புக்கு எல்லா வயிற்றிலும் இடமிருக்கும் என்று எழுந்து போனான்.

யசீகரனின் கண்கள் என்மேல் வந்து நின்றன. ஆஸ்பத்திரியில் பார்த்த பார்வை இல்லை. அன்றைக்கு அதில் ஒரு கேள்வியாவது இருந்தது. நான் அவசரமாகக் கரண்டியை நிரப்பினேன். அவருக்குப் பசி என்பது எனக்குத் தெரியும், காலையிலிருந்து ஒன்றும் சரியாக இறங்கவில்லை.

"இஞ்சேருங்கோ, இன்னும் கொஞ்சம்."

அவர் உதடுகளை மூடிக்கொண்டார். மூடுவதும் அவருக்குக் கஷ்டம். கீழுதடு நடுங்கியது. ஆனால் மூடினார். கரண்டியை உதட்டில் தொட்டேன். திறக்கவில்லை. பூசணிக்காய் நாடியில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பொறுமையான மனைவி என்றுதான் தெரிந்திருக்கும்.

"அம்மா, தாருங்கள், நான் கொடுக்கிறேன்," என்று பிரணவி கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள்.

அவளுடைய கரண்டிக்கு அவர் வாயைத் திறந்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. விழுங்கிவிட்டு மறுபடி திறந்தார். கிண்ணம் பாதியானது. பிரணவிக்குச் சந்தோஷம். பிறகு கை மெதுவாகியது. கரண்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"போதும் என்று சொன்னார் என்றீர்களே."

நான் மேசையில் சிந்தியிருந்ததைத் துடைத்தேன்.

"அம்மா. அவர் என்ன சொன்னார்?"

என்னிடம் அப்போதும் இரண்டு மூன்று பதில்கள் தயாராக இருந்தன. அவ்வளவு சுலபமாக அவை வந்து வரிசையில் நின்றதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"குழாய் வேண்டாமெண்டு சொன்னவர்."

"இப்போதா?"

"இப்பவும். ஆஸ்பத்திரியிலயும்."

"ஆஸ்பத்திரியில் சம்மதம் என்றாரே. நீங்கள்தானே..." அவள் நிறுத்தினாள். கரண்டியைத் துணிமேல், சத்தம் வராமல் வைத்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தட்டும் என்று காத்திருந்தேன். அவள் மேசைக்கு மேலாகக் குனிந்து, என் கையைப் பிடித்து, மிகத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அப்படியென்றால் யாரிடமும் சொல்லாதீர்கள். ப்ளீஸ், அம்மா. இன்னும் நாலு நாள்தான். செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்பார்கள், ஓம் என்று சொல்லுங்கள். வைத்துவிட்டால் பிறகு அவரே பழகிவிடுவார். யாருக்கும் தெரியாது."

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் அவர் இருந்தார். ஒரு முழத் தூரம் இல்லை. ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியது. பிரணவியோ அவர் ஒரு நாற்காலி என்பதைப் போல அவருக்கு மேலாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்பா வேண்டும், வேறொன்றும் இல்லை. அந்த முகத்தில் கெட்டது எதுவும் இல்லை. என் முகமும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரித் தாதியின் நம்பர் என் போனில் இருந்தது. எதுவென்றாலும் நாலரைக்குள் அடியுங்கள் என்று சொல்லியிருந்தாள். இரண்டே முக்கால். போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு அழுத்தினேன்.

"வேண்டாம்," என்றாள் பிரணவி. "அம்மா, வேண்டாம்."

தாதி எடுத்தாள். யசீகரனுடைய மனைவி கஜந்தினி என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமைக் குழாய் விஷயமாக அவர் ஒன்று சொல்லவேண்டும், அவர் சொல்வதை நான் சொல்கிறேன் என்றேன். போனை அவருடைய நாடிக்குக் கிட்டத் தள்ளினேன்.

"சொல்லுங்கோ," என்றேன் அவரிடம். "நான் ஒண்டும் மாத்தமாட்டன்."

அவர் உடனே சொல்லவில்லை. என்னை நம்பலாமா என்று பார்த்திருக்கலாம். மூச்சைச் சேர்த்திருக்கலாம். பிறகு தமிழில், எனக்காகத் தமிழில் சொன்னார். நான் துண்டு துண்டாக ஆங்கிலத்தில் வைத்தேன்.

"எனக்குக் குழாய் வேண்டாம் என்கிறார். அன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று தெரியுமாம். இனி எதுவென்றாலும்..." நான் மறுபடி தொடங்கினேன். "இனி எதுவென்றாலும் மனைவியைக் கேட்க வேண்டாமாம். தன்னைக் கேட்கட்டுமாம்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"கஜந்தினி," என்றாள் தாதி, "அன்றைக்குச் சம்மதம் என்று சொன்னது யார்?"

"நான்."

"இப்போது பேசுவது?"

"அவர்."

அவள் கோபிக்கவில்லை. செவ்வாய்க்கிழமையை நிறுத்திவைப்பதாகச் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் டொக்டரும் பேச்சுப் பயிற்சி பார்ப்பவரும் வீட்டுக்கு வருவார்கள். கண் அசைவால் ஓம், இல்லை சொல்லும் அட்டையோடு அவரை நேரே கேட்பார்கள். அந்த நேரம் நான் அறைக்கு வெளியே இருப்பது நல்லது என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சரி என்றேன்.

போனை வைத்தபோது பிரணவி மேசையில் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வலை போர்த்திய வரிசைகளின் ஓரத்தில், எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். தோள் குலுங்கியது. போய் அணைக்கத் தோன்றியது. ஆனால் அவள் என்னை அல்லவா வெறுத்துக்கொண்டு நிற்கிறாள். முதலில் பொய் சொன்னதற்கா, இப்போது உண்மை சொன்னதற்கா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மத்தேயோ இனிப்புக் கிண்ணத்தோடு எவ்வளவு நேரமாக நின்றான் என்று நான் கவனிக்கவில்லை. கேட்டிருக்கிறான். அவன் கண் கலங்கியிருந்தது. யசீகரனைப் பார்த்து, "எனக்கு விளங்கவில்லை, யாஸ்," என்றான். "மன்னித்துக்கொள். இவ்வளவு வருடம் கேட்டும் எனக்கு விளங்கவில்லை."

மார்ச் மாத வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. பக்கத்து மேசையில் யாரோ பிறந்தநாள் கொண்டாடிக் கைதட்டினார்கள். சில மாதங்கள் என்று டொக்டர் சொன்னதை நினைத்தேன். வைகாசி, ஆனி என்று எண்ணத் தொடங்கி நிறுத்தினேன். அவருடைய விருப்பத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று என்னால் நிம்மதிப்பட முடியவில்லை. என் வாயால் அவரைக் கொன்றுவிட்டேன் என்றே இருந்தது. இரண்டில் எதையும் அவரிடம் சொல்ல முடியாது. சொன்னால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும், அதையும் நான்தான் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டும்.

பிரணவி திரும்பி வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். என் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

யசீகரன் ஏதோ சொன்னார். சிறிய சொல்தான்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. மத்தேயோ தரையைப் பார்த்தான். பிரணவி அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்தால் விளங்கிவிடும் என்பதைப் போல. கடைசியில் அவள்தான், என்னைப் பார்க்காமலே, கேட்டாள்.

"என்னவாம்?"

"பசிக்குதாம்."

மத்தேயோ ஆறிப்போன கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினான். சூடாக்கிக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். கரண்டியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

நான் கையை நீட்டவில்லை. அவர் யார் பக்கம் பார்க்கிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.